இல்வா போட்ட சத்தம்

ஆமாம்மா, அந்தக் காலைச் சத்தம் எங்க வீட்டுதுதான். சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, ஊரே சிரிச்சதுதானே. உங்ககிட்ட ஒண்ணு கேட்டு வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன். நீங்க இந்த ஆராய்ச்சி நிலையத்துல வேலைக்குப் புதுசு, அதனால முன்கதையைச் சொல்லிடுறேன்.

எங்க தோட்டம் உங்க நீளக் குழாயோட கோடியில, வேலிக்கு அந்தப் பக்கம். வானத்துல எங்கயோ ரெண்டு கருந்துளை முட்டிக்கிட்டா அந்த அதிர்வு இங்க வரும், அதைப் பிடிக்கத்தான் குழாய்னாங்க. நான் என்னத்தக் கண்டேன்? தக்காளிக்குத் தண்ணி விடக் குழாய் போட்டவன். இவங்க என்னடான்னா, மூணு கிலோமீட்டருக்குக் குழாயைப் போட்டு, உள்ள இருந்த காத்தையும் உறிஞ்சிட்டு, காலிக் குழாய்க்குக் காவல் இருக்காங்களேன்னு நினைச்சேன்.

அப்புறம் பாத்தா, தினம் காலையில ஒரு அதிர்வு வருதுன்னு உங்க ஆளுங்களுக்கு ஒரே பரபரப்பு. உங்களுக்கு வந்துச்சான்னு, இதே மாதிரிக் குழாய் வச்சிருக்கிற அமெரிக்காக்காரங்களைக் கேட்டாங்களாம். இல்லையாம். ஜப்பான்ல? அங்கயும் இல்லையாம். வானத்துலேர்ந்து வந்திருந்தா எல்லாருக்கும்ல வந்திருக்கணும்? அப்போ இது உள்ளூர் வேலைன்னு போலந்துக்காரப் பையன் ஒருத்தன், யாட்செக்னு பேரு, வேலியோரமாவே தேடிக்கிட்டு வந்து எங்க வாசல்ல நின்னான். வாசல்ல என்ன நிக்குது? என் பொண்டாட்டி இல்வாவோட மூணு சக்கர வண்டி. சைலன்சர் எப்பவோ கழண்டு விழுந்தாச்சு. தினம் அதுலதான் எனக்கு வயலுக்குக் காபியும் ரொட்டியும் கொண்டு வருவா.

எனக்குச் சந்தோஷம் தாங்கல! கல்யாணமான நாள்லேர்ந்து நான் கத்துறேன், உன் சத்தம் தாங்கலடின்னு. மதிச்சாளா? இப்போ மூணு நாடு கூடிப் பேசித் தீர்ப்பு சொல்லிருச்சேன்னு பீசா நகரத்துச் சந்தையில பீத்திக்கிட்டேன். பக்கத்துல நின்ன அவ சொல்றா, இந்தக் கழுதை சொன்னது சரின்னு சொல்ல உலகத்துல இத்தனை படிச்சவங்க வேண்டியிருந்துச்சான்னு. சந்தையே சிரிச்சுச்சு. மானம் போச்சு.

சைலன்சரை மாட்டினோம். வண்டிச் சத்தம் நின்னுச்சு, அவ சத்தம் நிக்கல. வேலிகிட்ட வந்ததும் என் பேரைச் சொல்லி ஆரம்பிச்சிடுவா. ஒரெஸ்தே, ஏ கழுதை, கேட்டைத் திறந்து போட்டுட்டு வந்துட்டியே, கோழியெல்லாம் ரோட்டுல நிக்குதுன்னு. குழாயோட கோடியில இருக்கிற கட்டடத்துல மைக் வேற வச்சிருக்கீங்க. வெளிச் சத்தம் எதுன்னு பாத்துக் கழிக்கிறதுக்காம். அவ திட்டுறதெல்லாம் அதுல விழுதுன்னு யாட்செக் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். இத்தாலிக்காரன் ஒருத்தன் கழுதைங்கிறது உங்க ஆராய்ச்சியில பதிவாயிருச்சுன்னு ஒரு வாரம் நான் இந்தப் பக்கமே தலைகாட்டல.

பிடிச்சதையெல்லாம் ஒளிக்காம அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் குடுப்பீங்களாமே? அப்புறம் யார் கேட்டாலும் குடுப்பீங்களாம். வெளிச் சத்தம்கிற அழுக்கை நீக்கிட்டுத்தான் குடுப்போம்னு யாட்செக் சொன்னான். நீக்கின அழுக்கை என்னம்மா பண்ணுவீங்க? தூக்கிப் போட்டுருவீங்களா? வச்சிருக்கீங்களா? மைக்ல விழுந்ததும் இருக்கா? பழசுமா? அப்பாடா. ஒரு நிமிஷம் இருங்க, உக்காந்துக்கிறேன்.

மார்ச்சுல இல்வா போயிட்டாம்மா. போட்டோ நிறைய இருக்கு. எல்லாத்துலயும் வாயை மூடிக்கிட்டு நிக்கிறா. ஒரு நாளும் அப்படி இருந்ததில்ல. கேட்டைத் திறந்து போட்டுட்டு வர்றேன், கேக்க ஆளில்ல. வீட்டு அமைதி தாங்கலம்மா.

கருந்துளையெல்லாம் அமெரிக்காக்காரங்களே வச்சுக்கட்டும். நான் பக்கத்து வீட்டுக்காரன், எனக்கு ஒரே ஒரு காலையைக் குடுங்க. அவ கழுதைன்னு கூப்பிடுறது அதுல இருக்கணும். ரொம்பத் தேட வேண்டாம்மா, எந்தக் காலையை எடுத்தாலும் இருக்கும்.