பதினொரு துணிப் பொட்டலங்கள்

சைக்கிள் மிதிக்கிறேன். பின்னால் பதினொரு பொட்டலம். தெருமுழுக்க ஒலிபெருக்கி.

"இரண்டு மணித்தியாலம்! முஸ்லிம் ஆக்கள் எல்லாரும் வெளிக்கிட வேணும்!"

சங்கிலி கிறீச்சிடுகிறது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தரம். ரொறன்ரோ வந்தும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

1990 ஒக்ரோபர் 30. செவ்வாய்க்கிழமை. யாழ்ப்பாணம். எனக்குப் பதினாறு வயது.

வாப்பா தையற்காரர். எழுத வாசிக்கத் தெரியாது. அளவுகளெல்லாம் அவருடைய தலையில்தான். துணிக்குச் சொந்தக்காரரின் பெயரைத் துண்டுக் கடதாசியில் எழுதிக் குத்துவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

துவக்கோடு வந்த விடுதலை இயக்கப் பெடியள் போகச் சொன்னதும் வாப்பா கடைக்கு ஓடினார். அங்கே வெட்டாத துணி கிடந்தது. எல்லாம் அடுத்த தெரு இந்துக் குடும்பங்கள் தைக்கக் கொடுத்தது. ஊரைவிட்டுப் போகிற தையற்காரன் கையில் பிறத்தியாரின் துணி இருக்கக்கூடாது. எங்கள் ஆட்களிடம் அப்படி ஒரு வழக்கம். பெயர்களை வாசிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். அதனால் நான் போனேன்.

எட்டாவது பொட்டலம் கமலா அக்காவுடையது. கேற்றடியில் நின்றார்.

"உங்களைக் கலைக்கிறாங்களாம், நீ துணி கொண்டு திரியிறியோ? விசரா! ஓடு! ஓடடா!"

பொட்டலத்தை அவர் கையில் திணித்துவிட்டுத் திரும்பினேன். பத்து வீட்டுக்குக் கொடுத்தேன். பதினோராவது வீடு பூட்டியிருந்தது. நீலநிறச் சேட்டுத் துணி. திருப்பிக் கொண்டுவந்தேன்.

எங்கள் தெரு ஆட்களை ஏற்றிய லொறி போய்விட்டது. வாப்பாவும் உம்மாவும் சந்தியில் நிற்கிறார்கள். உம்மாவின் இடுப்பில் தங்கச்சி நஸ்ரியா. நாலு வயது. எனக்காக நின்றிருக்கிறார்கள்.

நடந்தோம். சோதனைச் சாவடியில் சைக்கிளை எடுத்தார்கள். உம்மாவின் தோட்டைக் கழற்றச் சொன்னார்கள். நீலத் துணியையும் எடுத்தார்கள். கடைசியில் சுடுதண்ணிப் போத்தல். "பிள்ளைக்குத் தம்பி, பிள்ளைக்கு," என்றார் உம்மா. சாவடியில் நின்ற பெடியன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பின்னேரம் மழை பிடித்தது. ஒதுங்க இடமில்லை. விடிய விடியப் பெய்தது. மறுநாள் மத்தியானம்தான் வேறொரு லொறி கிடைத்தது. அதற்குள் நஸ்ரியாவின் உடம்பு கொதித்தது.

புத்தளத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தை. சீமெந்து நிலம். நாலாம் நாள் காலை, சுபஹ் தொழுகை முடிந்த நேரம், தங்கச்சி மௌத்தானாள். யாரோ வெள்ளைத் துணி கொண்டுவந்தார்கள். உடலைச் சுற்றும் கஃபனுக்கு வாப்பாவே வெட்டினார். அளவு எடுக்கவில்லை. அதுவும் தலையில் இருந்தது.

கத்தரிக்கோல் துணியில் போகிற சத்தத்தை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அதுவரை நாளும் பொழுதும் கேட்ட சத்தம்தான்.

1994 மாசி. ரொறன்ரோ. அகதி விசாரணை. வெப்பமூட்டி டிக், டிக் என்கிறது. வாப்பா, உம்மா, நான், மூன்று பேரும் ஒரே வரிசையில் இருக்கிறோம். விசாரிக்கிறவர் நான் எழுதிக் கொடுத்த கதையை விரலால் தட்டுகிறார். இரண்டு மணித்தியால அவகாசம் என்கிறீர்கள். துவக்கு நின்றது என்கிறீர்கள். அந்த நேரத்தில் வீடு வீடாகத் துணி கொடுக்கப் போனீர்களா? அதுவும் உங்களைத் துரத்தியவர்களின் ஆட்களுக்கு? உயிருக்குப் பயந்தவன் அப்படிச் செய்வானா?

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். உம்மா தரையைப் பார்த்தார். இந்தக் கேள்வியை உம்மா இவ்வளவு வருஷமாக என்னிடம் கேட்காமல் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

வாப்பா மட்டும் சொன்னார். "துணி அவையின்ர. எங்கட இல்லையே."

விசாரிக்கிறவர் நம்பவில்லை. வேறு சாட்சி இருந்தால் கொண்டுவரச் சொன்னார். இருபத்தொரு நாள், மூன்று கிழமைத் தவணை. இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். திரும்பிப் போக எங்களுக்கு ஊரும் இல்லை.

இரண்டு கிழமை போனது. ஸ்காபரோவில் பஸ்ஸுக்கு நிற்கிறோம். முகத்தில் பனி அடிக்கிறது. முன்னால் தடித்த கோட்டோடு ஒரு பெண். முதுகுதான் தெரிகிறது. வாப்பா என் கையைப் பிடித்தார்.

"இடது தோள் அரை இஞ்சி இறக்கம்."

"ஆர் வாப்பா?"

"பேர் தெரியாது. கத்தரிப்பூ நிறம். கையில சுருக்கு வேண்டாமெண்டவ."

கத்தரிப்பூ நிறம். கடதாசியில் நான் எழுதிக் குத்திய பெயர் எனக்கு நினைவு வந்தது. "கமலா அக்கா!" என்று கத்தினேன். அந்தப் பெண் திரும்பினார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "ஐயோ, அந்தச் சைக்கிள் பெடியன்!"

அவருடைய வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள். விசயத்தைச் சொன்னேன். அவர் கணவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உது எங்களுக்குத் தேவையில்லாத வேலை, கமலா. இயக்கத்துக்கு எதிராச் சாட்சி சொன்னனீ எண்டு சனம் கதைக்கும். பிறகு தமிழ்க்கடைப் பக்கமும் போகேலாது."

"இவ்வளவு நாளும் கடைக்கு நான்தானே போனனான். இனி நீங்கள் போங்கோ."

"பகிடி விடாதை."

"பகிடி இல்லை. துணி வந்தது. வந்ததை வந்ததெண்டுதான் சொல்லுவன்."

வந்தார். சொன்னார். எத்தனை மணி, என்ன நிறம், நான் என்ன சேட்டுப் போட்டிருந்தேன் என்பதுவரை சொன்னார். அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று விசாரிக்கிறவர் கேட்டார்.

கமலா அக்கா என் பக்கம் திரும்பினார். வெப்பமூட்டி டிக், டிக்.

"கேற்றைப் பூட்டினன்."

மொழிபெயர்ப்பாளர் அதையும் சொன்னார். அவரும் யாழ்ப்பாணத்தவர். குரல் கொஞ்சம் தணிந்தது. ஆனால் சரியாகச் சொன்னார்.

அப்போது உம்மா கையைத் தூக்கினார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

"நான்தான் மகனைப் போகச் சொன்னனான். இவர் யோசிச்சவர். நேரம் காணாதெண்டவர். நான்தான் சொன்னது. காட்டிக்குடுத்தவங்கள் எண்டு சொல்லித்தான் எங்களைக் கலைச்சவை. கள்ளர் எண்டும் சொல்ல விடக்கூடாதெண்டு நினைச்சன். பிள்ளை போயிடுமெண்டு தெரிஞ்சிருந்தா..."

எனக்கு அது தெரியாது. நான் துணி கொடுக்கப் போய் லொறி தவறியதால்தான் தங்கச்சி போனாள் என்று அவர்கள் மனதுக்குள் என்னைக் குறைசொல்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். யாரும் என்னைக் குறைசொல்லவில்லை. உம்மாதான் தன்னைக் குறைசொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்.

சித்திரையில் கடிதம் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். வாசித்துக் காட்டினேன். வாப்பா இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார். உம்மா குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

இனி, இழந்தவற்றின் கணக்கு. மறக்கக்கூடாதவர்களுக்காக எழுதுகிறேன்.

வீடு ஒன்று. கடை ஒன்று. தையல் மெசின் இரண்டு. சைக்கிள் ஒன்று. தோடு ஒரு சோடி. சுடுதண்ணிப் போத்தல் ஒன்று. எங்கள் தெரு முழுவதும். பள்ளிவாசலில் பாங்கு கேட்காமல் போன காலைகள். அவற்றை எண்ண எனக்குத் தெரியவில்லை.

நீலநிறச் சேட்டுத் துணி, இரண்டரை யார் நீளம். அதன் சொந்தக்காரரை வாப்பா இன்னும் பஸ் நிறுத்தங்களில் தேடுகிறார். வலது கை இடதைவிடக் கால் இஞ்சி நீளமாம்.

நஸ்ரியா. நாலு வயது. தோள் ஒன்பது இஞ்சி. உயரம் முப்பத்தெட்டு. வாப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.