இடது கால் ஷூ

கட்டிலுக்கு அடியில நான் அப்பவே பாத்துட்டேன் டீச்சர், அங்க இல்ல. எழுந்திரு, முட்டியெல்லாம் தூசி. வலது கால் ஷூ வாசப்படியில குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கு, இடது காலு மட்டும் எங்க போயிருக்கும், சொல்லு? அந்த ஆடுதான். பசங்க வரைஞ்ச படத்த நீ வெயில்ல காய வெச்சப்பவே தின்னுட்டு முழிச்சுக்கிட்டு நின்னுச்சே, அதுக்கு ஷூ எம்மாத்திரம்.

கேக்குது, கேக்குது. ஜீப்புக்காரன் சும்மா அடிப்பான் ஹாரன. ஆளு ரொம்பாம மலைய விட்டு எறங்கமாட்டான். ஆனா வாரத்துக்கு ஒரு ஜீப்புதான், இத விட்டா அடுத்த வாரம்தான். அத நெனச்சா எனக்கும் பக்குபக்குங்குது.

எம்பொண்ணா? சேச்சே, அவ எடுக்கமாட்டா. விடிஞ்சதும் உன் பையத் தலையில தூக்கிட்டுப் போயி ஜீப்புக்கிட்ட காவல் நிக்கறா. உன்ன வழியனுப்பப் பள்ளிக்கூடமே அங்கதான் நிக்குது. அடுத்து வர்ற வாத்தியாரு பந்து விளையாடச் சொல்லித் தருவாராம், இப்பவே குஷி. பசங்கதானே, மனசுல வெச்சுக்காதே. அவரு ஜீப்புக்காரன் வீட்டு மாடியில தங்கறாராம். உன்னாட்டம் நம்ம வீட்டுல இல்ல.

இரு, அலமாரிக்குப் பின்னால பாத்தியா? எங்க வீட்டுக்காரரக் கேக்கறதும் ஒண்ணுதான், செவுத்தக் கேக்கறதும் ஒண்ணுதான். அந்த மனுஷன் வாயத் தொறக்கறது சாப்பிடறதுக்கும் கொட்டாவி விடறதுக்கும்தான். கல்யாணம் ஆன நாள்லேருந்து நான்பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன், அவருபாட்டுக்குத் தூங்கிடறாரு.

சிரிக்காதே. வந்த புதுசுல நீயும் மெரண்டுதான் போனே, இந்தப் பொம்பள மூச்சு விடுமா விடாதான்னு. அப்புறம் என்ன ஆச்சு? ஒரே ரூம்புல ரெண்டு வகுப்பு, கத்திக்கத்தித் தொண்ட கட்டிப்போயி, வந்ததும் வராததுமா அடுப்புப் பக்கத்துல குந்திடுவே. அக்கா, எனக்குப் பேச முடியல, நீங்க பேசுங்க, நான் கேக்கறேம்பே. எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு டீச்சர். வாய மூடுன்னுதான் எல்லாரும் சொல்லியிருக்காங்க, எங்கம்மா உட்பட. பேசுன்னு சொன்ன ஒரே ஆளு நீதான்.

ஐயோ, இப்ப கோவமா அடிக்கறான். அந்த மூட்டைக்குப் பின்னால... அங்கயும் இல்லையா?

என்ன பண்றே? என் செருப்ப எதுக்கு மாட்டறே? கழட்டு, கழட்டு. அதுல வார் பிஞ்சிருக்கு, எறக்கத்துல வழுக்கி விழுந்து பல்லு போயிடும். நான் சொன்னாக் கேளு. நில்லு. அடியே, நில்லுன்னா நில்லு!

மாவு டப்பாவுல இருக்கு.

ஆமா, ஷூதான். மேல் தட்டுல, அந்தக் காலி டப்பாவுல. ஆடு எங்கயாச்சும் டப்பா மூடியத் தொறக்குமா? காலையில அடுப்பு மூட்டறப்ப எடுத்து வெச்சுட்டேன். ஒரு வாரம் கெடைக்குமேன்னு, வேற ஒண்ணுமில்ல.

அப்படிப் பாக்காதே. உதறிட்டு மாட்டிக்கோ, மாவு ஒட்டியிருக்கும். லேஸ இறுக்கிக் கட்டு. நான் ஜீப்பு வரைக்கும் வரல, அங்க வந்தா அழுதுடுவேன், பசங்க முன்னாடி நல்லாயிருக்காது.

பாத்தியா, கெளப்பிட்டான். பயப்படாதே, நீ ஓடு. நான் இங்கேருந்தே கத்தி அவன நிறுத்தறேன். என் வாயி அவ்வளவு தூரம் போகும்.