பத்தே முக்கால் வரைக்கும்

ரெட்டியார்சத்திரம் போகும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில், மடியில் வெப்பமானிப் பெட்டியோடு ஓர் ஆராய்ச்சி மாணவி. பக்கத்தில், மழைக்காக மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பும் ஒரு விவசாயி அம்மா.

“பத்தே முக்கால் வரைக்கும் ஒரு மேகம்கூட வரக்கூடாதும்மா.”

“என்ன தாயி இப்படிச் சொல்ற? சோளம் கருகுது.”

“அப்பத்தான் சாட்டிலைட் வயலுக்கு மேல போகும். அது சொல்ற மண் சூடும், நான் கீழ அளக்குறதும் ஒத்து வரணும். இல்லன்னா மூணு வருசக் கணக்கும் தப்புன்னு ஆயிரும்.”

“அதான் மேல இருந்தே பாக்குதுல்ல?”

“நடுவுல நீராவி கொஞ்சம் சூட்ட முழுங்கிரும். எம்புட்டுன்னுதான் என் கணக்கு. மேகம் வந்தா மேகத்தோட முதுகுதான் தெரியும்.”

“நாளைக்கு அளந்துக்க.”

“நாளைக்கு ஆய்வேட்டக் குடுக்கணும்மா. அண்ணே, ஏன் இம்புட்டு லேட்டு?”

“ஒரு மகராசன் டீ குடிச்சு முடிக்கட்டும்னு அஞ்சு நிமிசம் நிறுத்துனோம்மா” என்றார் கண்டக்டர்.

அந்த மகராசனாகிய நான், அவசரமாக ஜன்னல் வழியே மலையை ரசிக்கத் தொடங்கினேன். மலைமேல் கருமேகம்.

பத்து நாற்பதுக்கு அந்தப் பெண் இறங்கி ஓடினாள். அம்மா மேகத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

“மாதாவே, அனுப்பு. ஆனா செத்த நேரம் கழிச்சு அனுப்பு.”