கத்தரிக்காய் மீது விழுந்த பழி

தலைமையேற்று முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியவர் அழகிரி அவர்களே, பாலக்கரையிலிருந்து வந்திருக்கும் பங்காளிகளே, பந்திக்கு அவசரப்படாத பண்பாளர்களே, என் தங்கைக்கு வளையல் பூட்ட வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

வளைகாப்பில் மேடைப்பேச்சா என்று மாப்பிள்ளை கேட்கிறார். ஐந்து ஆண்டு அடைத்துக் கிடந்த நெஞ்சு திறந்திருக்கிறது மாப்பிள்ளை, ஐந்து நிமிடம் பொறுங்கள்.

தங்கை அறிவுமதியின் மூத்த மகள் வைஷ்ணவி, இரு விரல்கள் ஒட்டியபடி பிறந்தாள். அவளைச் சுமந்தபோது, கிரகணத்தன்று தங்கை கத்தரிக்காய் நறுக்கியிருந்தாள். போதாதா? மாமியார் மயிலம்மாள் தீர்ப்பெழுதிவிட்டார். மருத்துவர்கள் குழந்தையைச் சோதித்தார்கள், மரபணுக்களில் பழுதில்லை என்றார்கள். மரபணு தப்பியது, மருமகள் மாட்டினாள். ஒட்டிய விரலை அறுவை சிகிச்சை பிரித்தது. ஒட்டிய பழியை யார் பிரிப்பது? அன்றுமுதல் அவள் கத்தியைத் தொட்டதுண்டா? கத்தரிக்காய்தான் அந்த வீட்டுப் படியேறியதுண்டா?

இரண்டாவது கரு தங்கியதும் அழுதாள். "இந்தப் பிள்ளை கையையும் நான் கெடுக்கணுமாண்ணே?" என்றாள். அந்தக் கேள்விதான் எங்களை மருத்துவர் அல்ஷிஃபாவிடம் கொண்டுபோய் நிறுத்தியது.

வைஷ்ணவிக்கும் பெற்றோருக்கும் செய்த புதிய சோதனைகளைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "நம்ம ஸ்ரீரங்கத்தையே எடுத்துக்குங்க. உத்தர வீதிக்கும் சித்திரை வீதிக்கும் நடுவுல மதில் இருக்குல்ல? டி.என்.ஏ.வும் அப்படித்தாங்க, மடிஞ்சு சுருண்டு வீதி வீதியா பிரிஞ்சிருக்கு. பாப்பாவுக்கு மதில்ல ஒரு துண்டு இல்லை. ஒரு வீதிக்குப் போட்ட உத்தரவு பக்கத்து வீதி மரபணுவுக்குக் கேட்டுடுச்சு. அது நல்ல மரபணுதான், வேலை செய்யக்கூடாத நேரத்துல செஞ்சிடுச்சு. அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் மதில் முழுசா இருக்கு. பாப்பாகிட்ட புதுசா நேர்ந்ததுங்க இது."

கேட்டீர்களா தாய்மார்களே? விழுந்தது மதில், வெட்டியது கத்தியல்ல. கிரகணம் வானத்தில் இருந்தது. கறை என் தங்கை முகத்தில் இருந்தது. அது விலகிவிட்டது.

பனிக்குட நீரையும் சோதித்தார்கள். இந்தக் குழந்தைக்கு அந்த மதில் முழுதாக நிற்கிறது. அப்போதும் மயிலம்மாள் விடவில்லை. "அப்ப கத்தரிக்காயில ஒண்ணுமில்லையா டாக்டர்?"

"புழு இருக்கான்னு மட்டும் பாத்து நறுக்குங்க."

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம், அழுதுகொண்டே.

இன்று காலை சமையற்கட்டில் மயிலம்மாள் கத்தியைக் கழுவித் துடைத்து மருமகளிடம் நீட்டினார். "நீயே நறுக்கு மதி" என்றார். மன்னிப்பு என்ற சொல் அங்கே வரவில்லை. தங்கை வாங்கிக்கொண்டாள்.

வாழ்த்த வந்த அனைவருக்கும் நன்றி. பந்தியில் எண்ணெய்க் கத்தரிக்காய் காத்திருக்கிறது. இலையில் மிச்சம் வைத்துவிடாதீர்கள், அது என் தங்கை நறுக்கியது. வணக்கம்.