நாற்பத்தொரு முகவரிகள்

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமம். ஆனால் இரண்டு சீட்டைப் பக்கத்தில் வைத்தால் ஒத்துப்போகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். சரக்குக் கிடங்கில் முப்பது வருஷம் அதுதான் வேலை. அதனால், அந்தத் தப்பு கண்ணில் படாமல் போயிருக்கும் என்று நீங்கள் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம், தம்பி.

மகள் அந்த வலைப்பூவைத் தன் அம்மாவுக்காக எழுதினாள். நாற்பத்தொரு பதிவும் கடிதங்கள்தான். அம்மாவின் பெயர், வேலை பார்த்த தையல் கடை, நெற்றித் தழும்பு, ஒன்றையும் விடவில்லை. அம்மா என்றைக்காவது தேடினால் கிடைக்கட்டும் என்று. தன்னை ஐந்து வயதில் விட்டுப் போனவளுக்கு இத்தனை எழுத்து. விட்டுப் போனாள் என்று சொல்லி வளர்த்தவன் நான். கதவைப் பூட்டி வெளியே நிறுத்தியவனும் நான்தான். மூன்று நாள் வாசலில் நின்றாள். பிறகு போனாள். போனவள் போனவள்தானே.

நோய் தலைக்கு ஏறி மகளுக்குக் கண் போன பிறகு நீங்கள் வந்து வலைப்பூவைப் புது முகவரிக்கு மாற்றிக் கொடுத்தீர்கள். மாற்றம் ஏற ஒரு நாளாகும் என்றீர்கள். மறுநாள் நீங்கள் காட்டிய பட்டனை அழுத்தினால் இடப்பக்கம் சைட்மேப், அதாவது புது முகவரிகளின் பட்டியல் வரும். வலப்பக்கம், ஒவ்வொரு பதிவும் தன் அசல் முகவரி என்று தனக்குள் சொல்லிக்கொள்கிற கெனானிக்கல் வரி வரும். அதில் பழைய முகவரி இருந்தால், தேடுகிறவரை அது பூட்டிய வீட்டுக்கு அனுப்பிவிடும், பதிவு யார் கண்ணிலும் படாது. "தப்பா இருந்தா ஒரு போன் போடுங்கய்யா, ரெண்டு நிமிஷ வேலை." யார் சொன்னாலும் நான் நம்புகிறவன் இல்லை. இதை நம்பினேன்.

கட்டிலருகே உட்கார்ந்து விரல் வைத்து ஒப்பிட்டேன். முதலாவது ஒத்துப்போகவில்லை. இரண்டாவதும் இல்லை. நாற்பத்தொன்றிலும் பழைய முகவரி.

"சரியா இருக்காப்பா?"

"இருக்கு."

"எல்லாமேவா?"

"உங்கப்பன் கிடங்குல ஒரு மூட்டைய விட்டிருக்கானா?"

சிரித்தாள். "மூட்டைக்குக் கால் இல்லப்பா. அம்மாவுக்கு இருக்கு, வந்துருவா."

வந்திருந்தால் வாசலில் நின்ற கதையைத்தான் முதலில் சொல்லியிருப்பாள். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு அது எதற்கு?

ஆறு வாரம் தினமும் காலையில், யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொன்னாள். பார்த்துவிட்டு இல்லை என்றேன். அதில் பொய் இல்லை. உங்கள் நம்பர் சுவரில் ஒட்டியிருந்தது. அவளே ஒட்டச் சொன்னது.

கடைசி நாள் மத்தியானம் என் கையைத் தடவிப் பார்த்து, "வந்துட்டியாம்மா" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. இறுகப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள், முகத்தில் ஒரு குறையும் இல்லை.

பார்த்தீர்களா தம்பி, கடைசியில் எல்லாம் ஒத்துத்தான் போயிற்று.