அந்தப் பக்கத்து நாற்காலி

மகள்: அப்பா, நான் சொல்றதைக் கொஞ்சம்—

அப்பா: சொன்ன வரைக்கும் போதும்! பள்ளிக்கூடம் முடிச்ச கையோட என்கூட லிப்ட் ரிப்பேருக்கு வர்றாளாம். கிரீஸ் டப்பா தூக்கறதுக்கா இத்தனை வருஷம் படிச்சே?

மகள்: நீங்க தூக்கலையா?

அப்பா: எனக்கு வேற போக்கிடம் இல்ல, தூக்கினேன். உனக்கு—

மகள்: எனக்கும் அந்த வேலைதான் பிடிச்சிருக்குன்னு—

அப்பா: பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்!

டீச்சர்: ஒருத்தர் ஒருத்தரா... தயவுசெஞ்சு ஒருத்தர் ஒருத்தரா பேசுங்க. பக்கத்து ரூம்ல பரீட்சை நடக்குது.

மகள்: சாரி டீச்சர்.

டீச்சர்: நீ ஏன்மா இப்படிக் கத்துறே? அப்பா உன் தோளுக்குப் பக்கத்துலதானே உக்காந்திருக்கார்?

மகள்: பழக்கம் டீச்சர்.

அப்பா: வீட்ல இவளுக்குப் பேரே டமாரம். காய்கறிக்காரர் தெருமுனையில நிக்கும்போதே இவ சமையல்கட்டுல இருந்து பேரம் பேசி முடிச்சிடுவா.

டீச்சர்: சரி, விஷயத்துக்கு வருவோம். நான் இந்த வேலைக்குப் புதுசு சார். போன வருஷம் வரைக்கும் கணக்கு எடுத்துட்டிருந்தேன். "கடைசி வருஷப் பிள்ளைங்க அடுத்து என்ன படிக்கறது, எங்க வேலைக்குப் போறதுன்னு நீ பேசு"ன்னு இந்த ரூம்ல உக்கார வெச்சுட்டாங்க. அதனால எதையும் ரெண்டு தடவை கேட்டுக்கறேன். பூமி அதிர்ச்சி பத்தின படிப்பு. இவளா தேடிப் பிடிச்சா, இவளா பரீட்சை எழுதினா, இடமும் கிடைச்சிடுச்சு. ரயில்ல ஒரு ராத்திரி ஒரு பகல் தூரம். திடீர்னு போன வாரம் அந்தக் காலேஜ்காரங்ககிட்ட போன்ல "வரலை"ன்னு சொல்லிட்டா. நான் கெஞ்சிக் கூத்தாடி இன்னிக்கு வரைக்கும் இடத்தை நிறுத்தி வெச்சிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள இந்த போனுக்கே கூப்பிடுவாங்க. ஆமான்னோ இல்லைன்னோ, ஏதாவது ஒண்ணு சொல்லியாகணும்.

மகள்: அப்பா, டீச்சர் என்ன சொல்றாங்கன்னா, காலேஜ்ல இருந்து இன்னிக்கு—

அப்பா: கேட்டுச்சு, கேட்டுச்சு.

டீச்சர்: நான் சொன்னதையே நீ ஏன்மா திருப்பிச் சொல்றே?

மகள்: அதுவும் பழக்கம் டீச்சர்.

டீச்சர்: வேண்டாம்னு சொன்னதுக்குக் காரணம்?

மகள்: பாடம் போரடிக்குது.

டீச்சர்: பாடமே இன்னும் ஆரம்பிக்கலையே!

மகள்: ஆரம்பிச்சா போரடிக்கும்னு தோணுச்சு. அது போகட்டும் டீச்சர், சொல்லாதீங்கன்னு நான் உங்ககிட்ட அவ்வளவு சொல்லியும் அப்பாகிட்ட ஏன் போட்டுக் கொடுத்தீங்க?

டீச்சர்: நானா? சத்தியமா இல்ல. காலைல பியூன் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே இவரா வந்து வாசல்ல நிக்கறார். "என் பொண்ணு ஒரு தப்பு பண்றா, தடுக்கணும்"னார். எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு.

மகள்: அப்ப யாருப்பா சொன்னா?

அப்பா: காத்துவாக்குல வந்துச்சு.

மகள்: காத்துக்குக் கால் முளைச்சு லிப்ட் கம்பெனிக்கு வந்துச்சாக்கும். முதல்ல அந்தத் தொப்பியைக் கழட்டுங்கப்பா, ரூமுக்குள்ள உக்காந்திருக்கோம். வீட்லயும் அதோடதான் சாப்பிடறார் டீச்சர்.

அப்பா: கம்பெனித் தொப்பி. கழட்டக் கூடாது.

மகள்: கம்பெனி எப்பேர்ந்து உங்க சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்துச்சு?

டீச்சர்: மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா! இருங்க. எங்களுக்குப் பயிற்சியில ஒரு வழி சொல்லிக் கொடுத்தாங்க. இதுவரைக்கும் நான் யார்கிட்டயும் செஞ்சு பாத்ததில்ல. ரெண்டு பேரும் நாற்காலியை மாத்தி உக்காருங்க.

அப்பா: எதுக்கு?

டீச்சர்: அந்த நாற்காலியில உக்கார்றவர் அந்த ஆளாவே பேசணும். நீங்க மகள். இவ அப்பா. அவரவர் நியாயத்தை அடுத்தவர் வாயால பேசிப் பாக்கறது.

மகள்: வேண்டாம் டீச்சர்.

டீச்சர்: ஏன்?

மகள்: அப்பா இந்தப் பக்கமே இருக்கட்டும். அங்க... அங்க வெயில் அடிக்கும்.

டீச்சர்: அது சுவர்மா. ஜன்னல் இந்தப் பக்கம் இருக்கு.

மகள்: நாற்காலிக் கால் ஆடுது.

அப்பா: ஆடினா நான் முறுக்கிக்கறேன். எழுந்திரு.

மகள்: அப்பா, அந்தப் பக்கம் உக்காந்தா உங்களுக்கு...

அப்பா: எனக்கு?

மகள்: ஒண்ணுமில்ல. உக்காருங்க.

டீச்சர்: ஆங். இப்ப சார்தான் மகள். ஆரம்பிங்க.

அப்பா: என்னன்னு ஆரம்பிக்கறது... ம். அப்பா! என் ஈரத் துண்டு கட்டில் மேலதான் கிடக்கும். அது அங்கதான் நல்லாக் காயும்.

மகள்: இது இப்ப எதுக்கு?

டீச்சர்: நீ அப்பா. அப்பாவாப் பேசு.

மகள்: ம்க்கும்... ஏய் டமாரம்! சாப்பிட்டியா? ஸ்பேனர் எங்க? என் கண்ணாடியை எவன் எடுத்தான்?

அப்பா: நெத்தி மேல இருக்குப்பா.

மகள்: தெரியும், தெரியும். சும்மா கேட்டேன்.

டீச்சர்: அட, அச்சு அசலா இருக்கே! சரி... மகளே. அதாவது, சார். உண்மையிலேயே அந்தப் படிப்பு உனக்குப் போரடிக்குதா?

அப்பா: இல்ல டீச்சர். புளுகு. நான் குழந்தையா இருக்கும்போதே தரையில காதை வெச்சுப் படுத்துக்கிட்டு, "தண்ணி மோட்டார் ஓடுது, லாரி போகுது, மாடிவீட்டு மாமா செருப்புப் போடறார்"னு சொல்லிட்டிருப்பேன். அப்புறம் ஒருநாள், பூமிக்குள்ள எங்கேயோ ஒரு பாறை நகர்ந்தா அந்த அதிர்வு இங்க வரைக்கும் வந்து சேரும்னு படிச்சேன். அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. "பூமிக்கே ஸ்டெதஸ்கோப் வெக்கலாமாம்ப்பா, பூமிக்கே ஸ்டெதஸ்கோப் வெக்கலாமாம்ப்பா"ன்னு தட்டு முன்னாடி உக்காந்துக்கிட்டு மூணு தடவை சொன்னேன்.

மகள்: மூணு தடவை ஏன் சொன்னேன்னா... ஏன் சொன்னான்னா...

டீச்சர்: அப்பாவாவே சொல்லு.

மகள்: மூணாவது தடவைதான் எனக்குக் காதுல விழுந்துச்சு.

டீச்சர்: ஏன் சார்? அதாவது... ஏம்மா?

மகள்: லிப்ட் மோட்டார் ரூம் இரைச்சல்ல இருந்து இருந்து இந்தப் பக்கத்துக் காது போயிடுச்சு. அந்தப் பக்கமும் அரைகுறைதான். வீட்ல ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன்.

அப்பா: எங்களுக்குத் தெரியும்ங்கறது அவருக்குத் தெரியாதுன்னு நாங்களும் நினைச்சுக்கிட்டிருக்கோம் டீச்சர்.

மகள்: ...அப்பா?

அப்பா: நான் அப்பா இல்ல. நீதான் அப்பா. மேல சொல்லு.

மகள்: முடியல டீச்சர். இந்த விளையாட்டு போதும்.

அப்பா: நான் சொல்றேன் அப்ப. லீவு நாள்ல அப்பாகூட மோட்டார் ரூமுக்குப் போவேன் டீச்சர். பொழுதுபோக்குக்குன்னு சொல்லிப்பேன். மெஷின்ல காதை வெச்சுக் கேட்டுட்டு, "பேரிங் கரகரங்குது பாருங்கப்பா"ம்பேன். அவர் ஏற்கனவே கேட்ட மாதிரி தலையை ஆட்டுவார். நானும் அதை நம்பற மாதிரி நடிப்பேன்.

டீச்சர்: இதுக்காகவா படிப்பை விடறே?

மகள்: இதுக்காக இல்ல. அன்னிக்கு நடந்ததுக்காக.

டீச்சர்: என்ன நடந்துச்சு? அப்பாவாச் சொல்றியா, நீயாச் சொல்றியா?

மகள்: அப்பாவாவே சொல்றேன். அதுதான் எனக்குச் சுலபம். போன மாசம் ஒரு ஆஸ்பத்திரி லிப்ட். நான் கூண்டு மேல ஏறி நின்னு கயிறைத் தடவிப் பாத்துட்டிருந்தேன். கீழ இருக்கறவர், "ஓட விடட்டுமா?"ன்னு குரல் கொடுப்பார். மேல இருக்கறவன் "சரி"ன்னாத்தான் ஓட விடணும். அதுதான் எங்க தொழில்ல வழக்கம். குரல் வந்துச்சு. என்ன கேட்டார்னு எனக்குப் புரியல. புரியலைன்னு காட்டிக்கக் கூடாதில்ல? எல்லாருக்கும் சொல்ற மாதிரி "சரி, சரி"ன்னேன்.

டீச்சர்: ஐயையோ.

மகள்: கை கயிறு மேலயே, சக்கரத்துக்குப் பக்கத்துல இருந்துச்சு. கூண்டு கிளம்பிடுச்சு. மேல மோட்டார் ரூம்ல, கயிறு இறங்கற ஓட்டை வழியாப் பாத்துட்டிருந்த என் பொண்ணு, "கையை எடுங்கப்பா"ன்னு தொண்டை கிழியக் கத்தினா. அதுவும் கேக்கல. ஓடிப் போய்ச் சிவப்புப் பட்டனை அடிச்சு நிறுத்தினா. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? "வேலை நடக்கும்போது ஏன்டி நிறுத்தினே"ன்னு அவளைத் திட்டினேன்.

அப்பா: அப்புறம்?

மகள்: அவ ரயிலேறிப் போயிட்டா அந்தப் பட்டனை யார் அடிப்பா டீச்சர்? சொல்லுங்க. பூமிக்கு ஸ்டெதஸ்கோப் வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்?

டீச்சர்: தண்ணி குடிம்மா. ...கடவுளே, இதுக்கு மேல பயிற்சியில சொல்லித் தரலையே.

அப்பா: பரவாயில்ல டீச்சர், நல்லாத்தான் போகுது.

டீச்சர்: அது எனக்குள்ள முணுமுணுத்தது சார்...

மகள்: ஒரு நிமிஷம். அப்பா, டீச்சர் இப்ப வாயைக் கைக்குட்டையால மூடிக்கிட்டு முணுமுணுத்தாங்க. எனக்கே சரியாக் கேக்கல.

அப்பா: குத்துமதிப்பாச் சொன்னேன்.

மகள்: கெட்ட காதுப் பக்கம் நான் உக்காந்திருக்கேன். இவ்வளவு நேரமா நான் கத்தவே இல்ல. நீங்க ஒரு தடவைகூட "ஆங்?"ன்னு கேக்கல.

அப்பா: மகள் எதுக்கு "ஆங்"னு கேக்கணும்? காது நல்லா இருக்கற பொண்ணு நான்.

மகள்: தொப்பியைக் கழட்டுங்க.

அப்பா: கம்பெனித்—

மகள்: அப்பா!

அப்பா: இந்தா.

மகள்: என்னப்பா இது... காதுக்குப் பின்னாடி... ரெண்டு பக்கமும்...

அப்பா: பாத்து, பாத்து. இழுத்தா கீச்சுனு கத்தும். உன்னைவிடப் பெரிய டமாரம் அது.

டீச்சர்: காது மெஷினா சார்? எப்ப போட்டீங்க?

அப்பா: போன வாரம். போன மாசம் அன்னிக்கு இவளைத் திட்டிட்டு வீட்டுக்கு வந்தேன் இல்ல, படுத்தா கயிறு மேல இருந்த கைதான் கண்ணுக்குள்ள நிக்குது. மறுநாளே முதலாளிகிட்ட உள்ளதைச் சொல்லிட்டேன். கூண்டு மேல ஏறவே கூடாதுன்னுட்டார். இப்பக் கீழ ஒர்க் ஷாப்ல சுவிட்ச் பெட்டிக்கு ஒயர் இழுத்துக்கிட்டிருக்கேன். மேஜை, நாற்காலி, ஃபேன். உங்க ரூமைவிட வசதி டீச்சர்.

மகள்: தினமும் பெரிய ஸ்பேனர் பையைத் தூக்கிட்டுப் போறீங்களே!

அப்பா: கௌரவம்னு ஒண்ணு இருக்கில்ல. உள்ள சாப்பாட்டு டப்பா மட்டும்தான்.

மகள்: அப்ப ஒரு வாரமா வீட்ல நாங்க பேசினது எல்லாம்...

அப்பா: கேட்டுச்சு.

மகள்: அம்மா உங்களை டமாரச் செவிடுன்னது?

அப்பா: அதுவும் கேட்டுச்சு. "டமாரச் செவிடா இருந்தாலும் சிரிச்சா இன்னும் அழகாத்தான் இருக்கார்"னு நீ அந்தப் பக்கம் போனப்புறம் அவ சொன்னதும் கேட்டுச்சு. அதுக்காகவே இன்னும் ரெண்டு நாள் தொப்பியைக் கழட்ட வேண்டாம்னு பாத்தேன்.

டீச்சர்: சார், நானும் இங்கதான் இருக்கேன்.

மகள்: சிரிக்காதீங்கப்பா, எனக்கு அழுகையா வருது. இதை ஏன் மறைச்சீங்க? போட்ட அன்னிக்கே சொல்லியிருந்தா நான் இந்த ஒரு வாரம்...

டீச்சர்: ஐயோ, போன். அவங்கதான். ...வணக்கம், சொல்லுங்க. ஆமா, இருக்கா, இங்கேயே இருக்கா. ஒரே நிமிஷம். ...இந்தாம்மா. கேக்கறாங்க.

மகள்: இருங்க டீச்சர். முதல்ல அப்பா பதில் சொல்லட்டும். எனக்கு இது தெரிஞ்சாகணும். நான் வேண்டாம்னது யாருக்கும் தெரியாது. டீச்சர் சொல்லல. அம்மாவுக்கே தெரியாது. உங்களுக்கு யார் சொன்னா?

டீச்சர்: போன்ல காத்திருக்காங்கம்மா...

மகள்: யாருப்பா?

அப்பா: நீதான். மெஷினை மாட்டிக்கிட்டு, எல்லார்கிட்டயும் காட்டப் போறேன்னு மாடிப்படியைத் துள்ளித் துள்ளி ஏறி வந்தேன். கதவைத் தட்டக் கை ஓங்கினேன். உள்ள நீ போன்ல பேசிட்டிருந்தே. அவ்வளவு மெதுவா நீ பேசி நான் கேட்டதே இல்ல. "எங்கப்பாவுக்குக் காது கேக்காது மேடம், அவரைத் தனியா விட்டுட்டு என்னால வர முடியாது"ன்னே. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் என் காதுல முழுசா விழுந்த முதல் பேச்சு அதுதான்மா. கையை இறக்கிட்டுத் தொப்பியை இழுத்து விட்டுக்கிட்டேன்.

மகள்: அப்பா...

டீச்சர்: ஹலோ... இருக்கா மேடம், கொஞ்சம் பொறுத்துக்குங்க. ...வாங்கிக்கம்மா. ஆமாவா இல்லையான்னு ஒரே வார்த்தைதான்.

மகள்: குரலே வர மாட்டேங்குது டீச்சர்...

அப்பா: மெதுவாவே சொல்லும்மா. எனக்குக் கேக்கும்.