சம்பந்தி இலையில் பீர்க்கங்காய்த் தோல்

வேம்பு: அதெப்படி மாமி, நானூறு பேர் சாப்பிடற கல்யாணத்துக்கு ரெண்டே ஸ்வீட்டா? மயிலாப்பூர்ல இந்த வேம்பு சமையல்னா ஒரு பேர் இருக்கு...

ஜானகி: பேர் இருக்கட்டும். கோதண்டபாணி நாலு எழுதிக் குடுத்திருக்கார். அதுல ரெண்ட அடிங்கோ.

வேம்பு: பொண்ணோட அப்பா எழுதினத நான் அடிக்கறதா? நீங்க அவருக்கு...

ஜானகி: நெருங்கின உறவுதான். என் பேர் ஜானகி. அப்பறம், ஆள் உக்காரறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் எலைல வச்சுடறேளே, அதுவும் வேண்டாம். கேட்டுக் கேட்டுப் போடுங்கோ.

வேம்பு: கேட்டுப் போட்டா அது மெஸ் மாமி, கல்யாணம் இல்ல.

ஜானகி: கையால எலைய மறைச்சா போதும்னு அர்த்தம்.

வேம்பு: வெக்கப்படறான்னு அர்த்தம். விரல் சந்துல ரசத்த விட்டுடணும். முப்பது வருஷப் பழக்கம்.

சுலோச்சனா: அந்தப் பயக்கத்தால நான் எச்சில் சோத்த டிரம்மு டிரம்மா இஸ்துக்கினு போறேன்.

வேம்பு: சுலோச்சனா, நீ காய நறுக்கு.

சுலோச்சனா: நறுக்கிக்கினுதான் கீறேன் ஐயரே. வாய் சும்மாதான கீது.

ஜானகி: ருசி பாக்கன்னு வச்சேளே, இந்தத் தொகையல் எதுல? எள்ளு வாசன தூக்கறது.

வேம்பு: அது... எங்க ஆளுங்களுக்கு அரைச்சது மாமி. தெரியாம உங்க எலைக்கு வந்துடுத்து. சாம்பாரப் பாருங்கோ...

ஜானகி: சாம்பார் இருக்கட்டும். எதுலன்னு கேட்டேன்.

வேம்பு: ஏதோ காய்...

சுலோச்சனா: பீர்க்கங்கா தோலு மாமி. கூட்டுக்கு சீவுனா ஒரு மூட்ட சேருது. குப்பைக்குப் போறத நான்தான் வதக்கி அரைச்சேன். ஐயரு தெனம் ரெண்டு தபா வாங்கித் துன்றாரு, வெளிய சொல்ல மாட்டாரு.

ஜானகி: கல்யாணத்துக்கு இதப் போடுங்கோ.

வேம்பு: தோலையா? சம்பந்தி எலைலயா? மாமி, உங்களுக்குத் தெரியாததில்ல. அந்த நாலு ஸ்வீட்டும் யாருக்காக? மாப்பிள்ளையோட அம்மாவுக்காக. அந்த மாமி ஒரு குறை சொல்லப்படாது வேம்பு, எம் பொண்ணு அவாத்துல போய் வாழணும்னார் கோதண்டபாணி. சொல்லிட்டு, ரெண்டுன்னு எழுதியிருந்த ஸ்வீட்ட அடிச்சு நாலுன்னு திருத்தினார்.

ஜானகி: ...திருத்தினாரா?

வேம்பு: இந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருந்தார்.

ஜானகி: அவ அவ்வளவு பொல்லாதவளா?

வேம்பு: நான் பாத்ததில்ல. மாப்பிள்ளைக்கு அம்மான்னா போறாதா?

ஜானகி: எம் பொண்ணு கல்யாணத்துல நானும் இப்படித்தான் பயந்தேன். அடையார்ல மண்டபம். சம்பந்தி என்ன சொல்வாளோன்னு எல்லாத்தையும் ரெட்டிப்பா சொன்னேன். சாயங்காலம் ரெண்டு அண்டா சாம்பார சாக்கடைல கவுத்தா. பாத்துண்டு நின்னேன்.

சுலோச்சனா: எலைல போடாததுன்னா சூடு ஆறறதுக்குள்ள எங்கிட்ட குடுத்துடு ஐயரே. கோட்டூர்புரத்துல எங்க பில்டிங்கே சாப்டும். எச்சில் வாணாம். அது மாட்டுக்கும் உரத்துக்கும் போவட்டும்.

ஜானகி: அதையும் எழுதுங்கோ.

வேம்பு: எழுதறேன்னே வச்சுப்போம். அன்னிக்கு அந்த மாமி வந்து, என்ன ரெண்டே ஸ்வீட்டான்னா யார் பதில் சொல்றது?

ஜானகி: கேக்க மாட்டா.

வேம்பு: அவ்வளவு நிச்சயமா சொல்றேளே... அப்போ இத நீங்களே கோதண்டபாணிட்ட நேரா சொல்லிடலாமே. என்ன எதுக்கு மாட்டி விடறேள்?

ஜானகி: நான் நேரா சொன்னா, மாப்பிள்ளைக்கு அம்மா ஏதோ மனசுல வச்சுண்டு சொல்றான்னு பயந்து, இன்னும் ரெண்டு ஸ்வீட் சேத்துடுவார்.